இடுப்பளவு மட்டும்

ஆள் தையல்கடைக்குள் நுழையும்போதே மாஸ்டருக்கு அளவு தெரிந்துவிடும். டேப்பை எடுப்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். "கொஞ்சம் கூடியிருக்கு, பரவாயில்ல, உள்ள துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன், பிரிச்சு விட்டுடலாம்" என்று வந்தவரின் மானத்தைக் காப்பாற்றி அனுப்புவார். அந்தத் தெருவில் யாருக்குத் தொப்பை விழுந்தது, யாருக்குத் தோள் இறங்கியது என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் சொந்த வீட்டிலிருந்த இரண்டே இரண்டு உடம்புகளை அளக்காமல் கோட்டை விட்டார். நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவருக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் மனைவி பட்டன் தைப்பாள், காஜா எடுப்பாள், தெருவில் போகிற வருகிறவர்களைப் பற்றி வம்பு பேசுவாள். முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்து அதை எடுத்த நாளிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்ப நாற்காலிக்கு என்று எல்லாவற்றுக்கும் மாஸ்டர்தான் தூக்குவார். அதற்கு அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. அவர் குனிந்து, "மகாராணி, பல்லக்கு வந்தாச்சு" என்பார். அவள் அவர் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, பிடரியில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, "ஏறியாச்சு" என்பாள். "புறப்பட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்துகொள்வார். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன நாட்களில்கூட இது மட்டும் நிற்காது. முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்லிக்கொள்வார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் பிசியோதெரபி செய்ய வந்த பெண் ஒரு வழுவழுப்பான பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "தூக்கவே வேண்டாம் சார். இதை நடுவுல போட்டா அவங்களே கையை ஊன்றி நகர்ந்து மாறிக்கலாம்." மாஸ்டர் பலகையைத் தடவிப் பார்த்து, நல்ல மரம் என்று மெச்சி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் அது துணி சுற்றப்பட்டுக் காலர் தேய்க்கும் பலகையாகிவிட்டிருந்தது. அந்த வீட்டின் ராசி அப்படி. உடம்புக்கு என்று எது வந்தாலும் கடைசியில் தையலுக்குப் போய்விடும்.

மாஸ்டருக்கும் உடம்பு சும்மா இல்லை. உட்கார்ந்தே செய்யும் வேலை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மேஜை விளிம்பில் இடிக்கும் தொப்பை. மகாராணிக்கு அந்தத் தொப்பையில் ஒரு குறையும் தெரியவில்லை. "பல்லக்குன்னா மெத்தை வேணாமா?" என்பாள். அவருக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை.

"இப்படியே போனா ஒருநாள் நீங்க விழுந்துடுவீங்க மாஸ்டர். நீங்க விழுந்தா அவங்களை யார் தூக்குவா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் ஊசிக்குச் சம்மதித்தார். வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலில் தானே போட்டுக்கொள்ளும் ஊசி. பசி அடங்கும், எடை இறங்கும். எல்லாம் அவளுக்காக. இதை அவர் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா அன்றைக்கே சொல்லத்தான் சொன்னார். "எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் போகாது. தசையும் கூடவே போகும். பசிக்கலன்னு சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, தயிர்னு ஏதாவது ஒண்ணு உள்ள போகணும். அதோட வாரத்துல ரெண்டு மூணு நாளாவது கைக்கும் காலுக்கும் பளு தூக்குற பயிற்சி செய்யணும்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "தினம் பொண்டாட்டியவே தூக்குறேன் டாக்டர். அதுக்கு மேல ஒரு பளுவா?"

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அது உங்களுக்குப் பழகின எடை மாஸ்டர். தசை நிக்கணும்னா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போகணும்."

"ஏத்தணும்னா அவளுக்கு இன்னும் ரெண்டு வேளை சோறு போட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். தன் சாமர்த்தியத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊசி வேலை செய்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வேலை செய்தது. முதலில் இரவுச் சாப்பாடு பாதியானது. அப்புறம் பகல் சாப்பாடும். முட்டை வேகிற வாசனையே குமட்டியது. ஒரு குவளை டீ, இரண்டு பிஸ்கட் என்று ஒரு பகலையே ஓட்டிவிடுவார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்துக் கண்ணாடி முன் நின்று இடுப்பை அளப்பார். டேப் உள்ளே வர வர அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் கால்சட்டைகளைத் தானே பிரித்துப் பிடித்தார். இடுப்பில் பிடித்தால் தொடை லொடலொடவென்று நின்றது. பிடிக்கிறவர் மாஸ்டர் அல்லவா, தொடையையும் சேர்த்துப் பிடித்துத் தைத்தார். அந்தத் தையலைப் போடும்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். தொப்பை கரைந்தது சரி, இந்தத் தொடை எங்கே போயிற்று என்று கேட்டிருக்கலாம். ஊரார் தொடையை எல்லாம் அளக்கிற கைக்குத் தன் தொடையைச் சுற்றி ஒருமுறை டேப்பைப் போடத் தோன்றவில்லை.

கடைக்கு வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. "என்ன மாஸ்டர், மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். அவருக்கு வாயெல்லாம் பல்.

லாரி ஓட்டுகிற மைத்துனன் மட்டும் ஒருநாள் வந்து அவரை மேலும் கீழும் பார்த்தான். மனைவியின் தம்பி, மனதில் பட்டதைப் பேசுகிறவன்.

"மாமா, மெலிஞ்சிருக்கீங்க, சரி. ஆனா ஒரு மாதிரி வாடிப் போயிருக்கீங்களே."

"பொறாமைடா உனக்கு."

அடுத்த தடவை வந்தபோது அவன் இரண்டு இரும்பு டம்பெல் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனான். மாஸ்டர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். நல்ல கனம். வெட்டும் மேஜையில் துணியின் இரண்டு ஓரத்திலும் வைத்தால் துணி சுருளாமல் அசையாமல் நின்றது. அன்றிலிருந்து அவற்றின் இடம் அங்கேதான்.

உடம்பு தன்னாலானமட்டும் சொல்லிப் பார்த்தது. கீழ்த்தட்டிலிருந்து துணி எடுக்கக் குனிந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. கனமான கத்திரியால் தடித்த துணியை வெட்டினால் மணிக்கட்டு துவண்டது. வயசு என்று நினைத்துக்கொண்டார். பலம் குறையவில்லை என்பதற்கு அவரிடம் கைவசம் ஒரு சாட்சி இருந்ததே. தினமும் அவளைத் தூக்குகிறார். போன மாதம் தூக்கினார், இந்த மாதமும் தூக்குகிறார். சொல்லப்போனால் இப்போது முன்னைவிடச் சுலபமாகவே இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சாப்பாட்டு விஷயத்திலும் மகாராணி அவருக்குத் துணை நின்றாள், அப்படித்தான் அவர் நினைத்தார். சமைப்பது அவர்தான். அவர் தட்டில் இரண்டு கரண்டி விழுந்தால், "எனக்கும் அவ்வளவு போதுங்க, தனியா என்னால சாப்பிட முடியாது" என்பாள். நல்ல மனைவி என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. புதிதாக ஒரு கவுன் தைத்துத் தருகிறேன் என்றபோது, "இருக்கிறதே கிழியல, எதுக்கு?" என்று தள்ளிவிட்டாள். ஒரு காலை அவளைத் தூக்கும்போது விரலில் சுருக்கென்று எதுவோ குத்தியது. பார்த்தால் குண்டூசி முனையளவு ரத்தம். கடையிலிருந்து தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த ஊசியாக இருக்கும் என்று விரலைச் சப்பிக்கொண்டு போய்விட்டார். தையல்காரனுக்கு ஊசி குத்துவது ஒரு செய்தியா?

விழுந்தது ஒரு சாதாரணக் காலையில். கட்டிலிலிருந்து தூக்குவது சுலபம், கட்டில் உயரம். குளியலறை முக்காலிதான் தாழ்வு. அவள் குளித்து, தானே கவுனை மாட்டிக்கொண்டு கூப்பிட்ட பிறகு அவர் போய், முழுக்கக் குந்தி உட்கார்ந்து கைகளை அடியில் கொடுத்து, தொடையால் உந்தி எழ வேண்டும்.

"மகாராணி, பல்லக்கு வந்தாச்சு."

பிடரியில் தட்டு. "ஏறியாச்சு."

"புறப்பட்டாச்சு" என்றார். புறப்படவில்லை. பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார். மேலே போக முழங்கால் நிமிரவில்லை. அவளைத் திரும்ப இறக்கி வைக்கவும் கையில் பிடிப்பில்லை. தொடை இரண்டும் அவருக்குச் சம்பந்தமே இல்லாதவைபோல் நடுங்கின. அவள் சிரித்தபடி, "என்ன, பல்லக்கு பஞ்சரா?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் கால் மடங்கியது. இருவரும் ஈரத்தரையில் விழுந்தார்கள். அவள் வலது கால் திருகிக்கொண்டு அடியில் மாட்டியது. அதன்மேல் அவர் விழுந்தார்.

மர ஸ்கேல் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் கேட்டார். முறிந்தது தன் கால் என்று அவளுக்குத்தான் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமே ஆகல" என்று அவள் அவரைத் தேற்றினாள். "எனக்கு வலிக்கவே இல்ல. உங்களுக்கு அடிபட்டுச்சா? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

அவள் தொடை இருக்கக் கூடாத இடத்தில் வளைந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். அவள் பார்த்துவிடக் கூடாது என்று மட்டும்தான் அப்போது தோன்றியது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். கையில் மகாராணியின் கவுன், மடித்து வைத்திருந்தது. இன்னொரு கையில் ஒரு சிறிய எஃகுக் கிண்ணம்.

"அவங்க துணியில இருந்ததுங்க. எக்ஸ்ரேக்கு எல்லாத்தையும் எடுக்க வேண்டியிருந்துச்சு."

கிண்ணத்தில் ஊக்குகள். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி. மாஸ்டர் கவுனை விரித்துப் பார்த்தார். இரண்டு கக்கத்துக்கும் கீழே துணி கொத்தாகப் பிடிக்கப்பட்டு ஊக்கு குத்திய தடம் வரிசையாக இருந்தது. பழைய துளைகள், அவற்றுக்கு உள்ளே புதிய துளைகள், அதற்கும் உள்ளே இன்னும் புதியவை. அந்தத் துளைகளைப் படிப்பதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு உடம்பு மாதக் கணக்கில் எப்படிக் கரைந்திருக்கிறது என்று துணி நேராகச் சொல்லியது. அவர் தைத்த துணி. தையல்காரன் பெண்டாட்டி ஊக்குக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், ஒரு திரைக்கு அந்தப் பக்கத்தில்.

"அவங்க எடை எவ்வளவும்மா?" என்று கேட்டார். நாற்பத்தைந்து என்றாள் நர்ஸ். ஊசி தொடங்கிய காலத்தில் அவள் அறுபதுக்குப் பக்கம். மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் பலத்துக்குச் சாட்சி என்று அவர் நம்பியிருந்த எடை, அவர் கைக்குள்ளேயே இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இவர் வலு குறையக் குறைய அவள் கனத்தைக் குறைத்துக்கொண்டாள். அதனால்தான் சுலபமாக இருந்தது. கடைசியில் அவளால் அதற்கு மேல் குறைக்க முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அந்தச் சிறு எடையைக்கூட அவரால் தூக்க முடியவில்லை.

காலுக்குள் கம்பி வைத்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகுதான் அவர் கேட்டார். கோபமாகக் கேட்க நினைத்தார்.

"ஏன்டி இப்படிப் பண்ண?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஒருநாள் தூக்கும்போது உங்க கை நடுங்கிச்சு. முகத்துல காட்டிக்கல, ஆனா கை நடுங்கிச்சு. எனக்குத் தெரியாதா உங்க கை?"

"சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்றது? கண்ணாடி முன்னாடி நின்னு அளந்து அளந்து அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. இத்தனை வருஷத்துல உங்களை அப்படிப் பார்த்ததே இல்ல. ஊசிய நிறுத்திடுவீங்களோன்னு பயம். அப்புறம்..." போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "நான் கனமா இருக்கேன்னு என்னைக்காவது உங்களுக்குத் தோணிடுமோன்னு இன்னொரு பயம். அது தோணிட்டா எனக்கு என்ன இருக்குங்க?"

மாஸ்டர் அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதார். அவளுக்காக என்று தொடங்கியதை எப்போது தனக்காக மாற்றிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு ஞாயிறு திரும்பி அவளைப் பார்த்திருந்தால் போதும்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. "ஊசி மேல தப்பில்ல மாஸ்டர். சர்க்கரை எவ்வளவு நல்லா இறங்கியிருக்கு பாருங்க. நிறுத்த வேணாம், அளவை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். சாப்பாடும் பயிற்சியும் இனிமேலாவது தொடங்குங்க. போன தசையில நிறையத் திரும்ப வரும்." எலும்பு டாக்டர் சொன்னதுதான் தீர்ப்பு. பல வருடம் நடக்காத கால், எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது, இன்னொரு தடவை விழுந்தால் சேராது. இனி கையால் தூக்கவே கூடாது. யாரும் கூடாது, எப்போதும் கூடாது.

"எனக்குப் பலம் திரும்பி வந்துட்டா?" என்று கேட்டார் மாஸ்டர், வகுப்பில் கை தூக்குகிற பிள்ளை மாதிரி.

"வந்தாலும் கூடாது."

வீட்டுக்கு ஒரு தூக்கும் இயந்திரம் வந்தது. சக்கரம் வைத்த இரும்புத் தூண், அதிலிருந்து தொங்கும் துணித் தொட்டில், ஒரு பொத்தான். தொட்டில் துணியின் ஓரத் தையல் சரியில்லை என்று மாஸ்டர் பிரித்து, இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தார். அந்த இயந்திரத்துக்கு அவரால் ஆன உபகாரம் அவ்வளவுதான்.

வெட்டும் மேஜையிலிருந்து டம்பெல்கள் இறங்கின. துணி சுருண்டது, சுருளட்டும் என்று விட்டுவிட்டார். பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தபடி, கையில் அவற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். முதல் வாரம் வெறுங்கையோடு எழுவதற்கே மூச்சு வாங்கியது. குமட்டினாலும் முட்டையைச் சிறிது சிறிதாக விழுங்கினார். மகாராணி ஜன்னலோரத்திலிருந்து எண்ணுவாள். நடுவில் வேண்டுமென்றே தப்பாக எண்ணி, மறுபடி முதலிலிருந்து எழ வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை டேப்பை அவளிடமே கொடுத்தார். அவள் அவர் தொடையைச் சுற்றி அளந்தாள். அவரும் அவள் தோளை, மார்பை, கையை எல்லாம் அளந்து புதிதாக ஒரு கவுன் தைத்தார். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு முறை டேப்பைப் போட்டுப் பார்த்தார்.

மாதங்கள் போயின. கால்சட்டையில் தொடைத் தையலைப் பிரித்துவிட வேண்டி வந்தது. ஒருநாள் பெரிய துணிக்கட்டு ஒன்றைத் தரையிலிருந்து அலுங்காமல் தூக்கிப் பரணில் வைத்தார். வைத்துவிட்டு அப்படியே நின்றார். மகாராணியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டு அவளைவிடக் கனம். இருவருக்கும் ஒரே நினைப்புத்தான்.

அன்று மதியம் அவள் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"போடுங்க. இனிமே எவ்வளவு கனத்தா என்ன? மிஷின்தானே தூக்கப் போகுது" என்று சிரித்தாள்.

அவர் போட்டார். அவளோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

சாப்பிட்டபின் படுக்க வேண்டும் என்றாள். அவர் தொட்டிலை அடியில் கொடுத்துக் கொக்கிகளை மாட்டினார். குனிந்து கடைசிக் கொக்கியைச் சரிபார்க்கும்போது அவள் கை பழக்கதோஷத்தில் அவர் கழுத்தை நோக்கி வந்தது. பிடரியில் லேசாக ஒரு தட்டு.

"ஏறியாச்சு."

மாஸ்டர் நிமிர்ந்தார். கால் இரண்டும் உறுதியாக நின்றன, கையிலும் பலம் இருந்தது. பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முனகிக்கொண்டு அவளை மெல்ல அவரிடமிருந்து மேலே எடுத்தது. அது பாதி உயரம் போன பிறகுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"புறப்பட்டாச்சு" என்றார்.